அமெரிக்கப் பழமைவாதத்தின் எழுச்சி: சந்தையும் சபையும் கைகோத்த வரலாறு

1. முன்னுரை

1964 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற பாரி கோல்ட்வாட்டர் ஐம்பது மாநிலங்களுள் ஆறில் மட்டுமே வென்றார். அவரை எதிர்த்து நின்ற லிண்டன் ஜான்சன் பதிவான வாக்குகளில் 61 விழுக்காட்டைப் பெற்றார். கோல்ட்வாட்டர் முன்வைத்த பழமைவாதக் கொள்கை அந்நாட்டில் இனித் தலையெடுக்காது என்று அந்நாளைய அரசியல் நோக்கர் பலர் கருதினர். ஆனால் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1980 இல், ஏறத்தாழ அதே கொள்கையைப் பேசிய ரொனால்ட் ரீகன் 44 மாநிலங்களில் வென்று ஆட்சிக்கு வந்தார். அவர் காலத்தில் வகுக்கப்பட்ட பொருளாதாரக் கொள்கையின் தாக்கம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. அது உலகெங்கும் பரவிற்று.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். திருச்சபை ஊழியருக்கும் இறையியல் மாணவருக்கும் இவ்வரலாறு வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. அமெரிக்காவில் தடையற்ற சந்தைப் பொருளியலும், வெள்ளையரின் சீர்திருத்தச் சபைகளுள் ஒரு பெரும்பகுதியும், பிரிக்க இயலாதவைபோல் இன்று ஒன்றாய் நிற்கின்றன. இவ்விணைப்பு திருமறையிலிருந்து நேராகப் பிறந்தது என்று நம்புவோரும் உளர். கிறிஸ்தவத்தின் இயல்பே அதுதான் என்று குறை கூறுவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் வரலாற்றுக்குப் பொருந்தா. இவ்விணைப்பு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மனிதரால், குறிப்பிட்ட காரணங்களுக்காக உருவாக்கப்பட்டது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்து.

2. எதனைப் பேணுவது?

ஐரோப்பாவில் பழமைவாதிகள் எனப்பட்டோர் அரியணையையும், அரசு ஆதரவு பெற்ற திருச்சபையையும், நிலவுடைமைக் குடும்பங்களின் மரபுரிமைகளையும் காக்க முன்வந்தவர்கள். அமெரிக்காவில் மன்னன் இல்லை. அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791 இல் நடைமுறைக்கு வந்தபோது, நாடு முழுவதற்குமான அரசாங்கச் சபை ஒன்று தோன்றவும் வழியில்லாமற் போயிற்று. அப்படியானால் அமெரிக்கப் பழமைவாதி எதனைப் பேணுகிறான்?

தனிமனித உரிமை, சொத்துரிமை, ஒப்பந்தச் சுதந்திரம், எல்லைக்குட்பட்ட அரசு ஆகியவற்றையே அவன் பேண விரும்பினான். இவையோ பதினெட்டாம் நூற்றாண்டில் தாராளவாதக் கொள்கைகள் எனப் பெயர் பெற்றவை. இதனாலன்றோ, அமெரிக்கப் பழமைவாதிகளால் ஆசானாகப் போற்றப்பட்ட பொருளியல் அறிஞர் ஹாயெக், 1960 இல் வெளியிட்ட தம் நூலின் பின்னுரையில், தாம் ஏன் பழமைவாதி அல்லர் என்பதை விளக்க நேர்ந்தது! சந்தை என்பது ஊரையும் குடும்பத்தையும் தொழிலையும் இடைவிடாது மாற்றிக்கொண்டிருக்கும் ஆற்றல். மரபு என்பது அவை நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புவது. இவ்விரண்டையும் ஒரே கொள்கையில் அடக்க முயன்றதால் எழுந்த முரண்பாட்டை இவ்வரலாறு முழுவதிலும் காணலாம்.

3. நியூ டீலும் அதனை எதிர்த்தோரும்

1929 இல் தொடங்கிய பெருமந்தத்தால் 1933 அளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தனர். அவ்வாண்டு பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 'நியூ டீல்' என்ற பெயரால் பல திட்டங்களைக் கொணர்ந்தார். முதியோர் ஓய்வூதியத்திற்கும் வேலையற்றோர் உதவிக்கும் வழிசெய்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும், தொழிற்சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையை உறுதிசெய்த வாக்னர் சட்டமும் 1935 இல் நிறைவேறின. பொருளாதாரத்தை நெறிப்படுத்தும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்ற கருத்து நாட்டில் வேரூன்றியது.

சீர்திருத்தச் சபைகளின் தலைவர்களுள் பலர் இம்மாற்றத்தை வரவேற்றனர். வால்ட்டர் ரவுஷன்புஷ் 1907 இல் எழுதிய நூலின் வழியாகச் சமூக நற்செய்தி இயக்கம் வலுப்பெற்றிருந்தது. 1908 இல் சபைகளின் கூட்டு மன்றம் ஏற்றுக்கொண்ட சமூக விசுவாசப் பிரமாணம், வாழ்வதற்குப் போதிய ஊதியத்தையும், குழந்தைத் தொழிலின் ஒழிப்பையும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் கோரிற்று. ஆகவே நியூ டீலை எதிர்த்த தொழிலதிபர்கள் திருச்சபையைத் தங்களுக்குச் சார்பானதாகக் கருத இயலவில்லை. 1934 இல் அவர்களுட் சிலர் அமைத்த அமெரிக்கச் சுதந்திரக் கழகம், செல்வர் தம் நலத்திற்காகவே குரல் எழுப்புகின்றனர் என்ற பழிக்கு ஆளாகி, சில ஆண்டுகளில் மறைந்தது.

இச்சூழ்நிலையில்தான் ஒரு போதகர் அவர்களுக்கு வழிகாட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் முதல் காங்கிரிகேஷனல் சபையின் போதகரான ஜேம்ஸ் ஃபைஃபீல்ட், 1935 இல் 'ஆன்மிகத் திரட்சி' எனப் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திற்கும் மதுரைக்கும் மிஷனெரிகளை அனுப்பிய அமெரிக்கன் போர்டு தோன்றியதும் இதே காங்கிரிகேஷனல் மரபிலேதான் என்பது நம் வாசகர் நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரே சபை மரபிலிருந்து வேறுபட்ட வழிகள் பிறக்கக்கூடும். நலவாழ்வு அரசு பத்துக் கட்டளைகளை மீறுகிறது என்பது ஃபைஃபீல்டின் வாதம். அரசை மக்கள் விக்கிரகமாக்குகின்றனர். பிறர் பொருளை இச்சிக்கக் கற்கின்றனர். வரி என்ற பெயரால் திருட்டு நடைபெறுகிறது. இவ்வாறு அவர் விளக்கினார். மீட்பு தனிமனிதனுக்குரியது போலவே பொருளீட்டும் முயற்சியும் தனிமனிதனுக்குரியது என்பது அவர் முடிவு.

தொழிலதிபர்கள் இவ்வியக்கத்திற்குப் பெரும்பொருள் வழங்கினர். அவர்களுள் முதன்மையானவர் சன் ஆயில் நிறுவனத்தின் தலைவரும் பிரெஸ்பிட்டேரியன் சபையினருமான ஹோவார்ட் பியூ. தொழிலதிபர் தம் வாயால் கூறினால் தன்னலம் எனப்படுவது, போதகர் பிரசங்க பீடத்திலிருந்து கூறினால் அறநெறி எனப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இவ்வியக்கம் நியூ டீலை வீழ்த்தவில்லை. எனினும் சந்தையையும் விசுவாசத்தையும் ஒரே மொழியில் பேசுவதற்கு அது வழிவகுத்தது.

4. மூன்று நீரோடைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மூன்று சிந்தனை நீரோடைகள் தனித்தனியே தோன்றின.

முதலாவது, சந்தைச் சுதந்திரவாதம். ஆஸ்திரியாவில் பிறந்து இலண்டனில் பேராசிரியராயிருந்த ஹாயெக், 'அடிமைத்தனத்திற்குச் செல்லும் பாதை' எனப் பொருள்படும் நூலை 1944 இல் வெளியிட்டார். பொருளாதாரத்தை அரசு திட்டமிட்டு நடத்த முற்பட்டால் காலப்போக்கில் அரசியல் சுதந்திரமும் பறிபோகும் என்பது அவர் எச்சரிக்கை. 1945 இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் அந்நூலின் சுருக்கத்தை வெளியிட்டதால் அது இல்லந்தோறும் பரவிற்று. எனினும் உணவு, உறைவிடம் முதலிய அடிப்படைத் தேவைகளுக்கு அரசு ஓரளவு பாதுகாப்பு அளிக்கலாம் என்பதை ஹாயெக் மறுக்கவில்லை. அவர் பெயரைப் பயன்படுத்தியோர் பலர் இதனைக் குறிப்பிடுவதில்லை. 1947 இல் சுவிட்சர்லாந்தில் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்து மான் பெலரின் கழகம் தோன்றியது. அதிற் பங்குபெற்ற இளம் பொருளியலறிஞருள் ஒருவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மில்ட்டன் ஃபிரீட்மன்.

இரண்டாவது, மரபுவாதம். மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் கிர்க் 1953 இல் வெளியிட்ட நூல், எட்மண்ட் பர்க் தொடங்கி வந்த சிந்தனை மரபை எடுத்துரைத்தது. சமுதாயம் என்பது இறந்தோர், இருப்போர், இனிப் பிறப்போர் ஆகிய அனைவரையும் பிணைக்கும் உறவு; அதற்கு மேலான ஒழுங்கு ஒன்று உண்டு; மனிதன் பாவத்தால் குறைபட்டவன் ஆதலின் முற்றிலும் புதியதோர் உலகைப் படைத்துவிடலாம் என்னும் திட்டங்களை ஐயுறவேண்டும் என்பன அவர் கருத்துகள். பணத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் சந்தைவாதிகளைக் கிர்க் கடிந்துகொண்டார்.

மூன்றாவது, பொதுவுடைமை எதிர்ப்பு. முன்னாளில் பொதுவுடைமைக் கட்சியில் மறைமுகமாகப் பணியாற்றி, பின் அதனைக் கைவிட்ட விட்டேகர் சேம்பர்ஸ், 1952 இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கடவுளை நம்புதல், மனிதனையே கடவுளாக நம்புதல் என்ற இரு விசுவாசங்களுக்கிடையே நிகழும் போராட்டமாகவே அவர் பனிப்போரைச் சித்திரித்தார். அரசியல் மோதலுக்கு இறையியல் வடிவம் கொடுத்த அந்நூல் ரீகன் உள்ளிட்ட பலரை ஆழமாகப் பாதித்தது.

இம்மூன்றையும் ஒரே மேடைக்குக் கொணர்ந்தவர் வில்லியம் பக்லி என்னும் கத்தோலிக்க இளைஞர். 1955 இல் அவர் தொடங்கிய 'நேஷனல் ரிவ்யூ' இதழில் சந்தைவாதிகளும் மரபுவாதிகளும் முன்னாள் பொதுவுடைமையாளரும் அருகருகே எழுதினர். அவ்விதழாசிரியருள் ஒருவரான ஃபிராங்க் மேயர் இவ்விணைப்பிற்குக் கோட்பாட்டு அடிப்படை அமைத்தார். மனித வாழ்வின் நோக்கம் அறம். அரசியலின் நோக்கம் சுதந்திரம். வற்புறுத்தலால் வரும் அறம் அறமாகாது ஆதலின் இரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன என்றார் அவர். முரண்பாடு இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பொதுவுடைமை என்ற பொது எதிரி இருந்தவரை அதனைத் தள்ளிவைக்க முடிந்தது.

5. தோல்வியும் இனப் பிரச்சினையும்

1952 இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐசன்ஹோவர் குடியரசுக் கட்சியினராயினும் நியூ டீலை அகற்ற முற்படவில்லை. அவர் காலத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 91 விழுக்காடாக இருந்தது. அதே வேளையில், நாட்டுப்பற்று உறுதிமொழியில் கடவுளின் பெயர் 1954 இல் சேர்க்கப்பட்டது; 1956 இல் கடவுள் நம்பிக்கையைக் கூறும் தொடர் நாட்டின் அதிகாரபூர்வ வாசகமாயிற்று. சமயமொழி அரசவையேறியது; பொருளாதாரக் கொள்கையோ மாறவில்லை. ஃபைஃபீல்டும் பியூவும் எதிர்பார்த்தது இதுவன்று.

அரிசோனா மாநிலச் செனட்டரான கோல்ட்வாட்டர் 1960 இல் வெளியிட்ட சிறுநூல் இளைஞரிடையே பெருவரவேற்பைப் பெற்றது. 1964 இல் அவர் வேட்பாளராவதற்குச் சில வாரங்களுக்குமுன், கறுப்பின மக்களுக்குப் பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் சமவுரிமை வழங்கும் குடியுரிமைச் சட்டம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. தனியார் சொத்திலும் மாநில உரிமையிலும் நடுவணரசு தலையிடலாகாது என்று கூறி அவர் எதிர்த்து வாக்களித்தார். அவர் வென்ற ஆறு மாநிலங்களுள் ஒன்று அவருடைய சொந்த மாநிலம். ஏனைய ஐந்தும் லூயிசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா ஆகியவை. அவை கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு அணுகவொட்டாமல் தடுத்துவந்த தென்னக மாநிலங்கள். நெடுங்காலமாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தவை.

இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பழமைவாதத்தின் வரலாற்றை எழுத முடியாது. எல்லைக்குட்பட்ட அரசு என்ற கோட்பாட்டைத் தூய நம்பிக்கையோடு ஏற்றோர் இருந்தனர். ஆயினும் அதே கோட்பாடு இனவொதுக்கலைக் காப்பதற்குரிய கேடயமாகவும் பயன்பட்டது. 'நேஷனல் ரிவ்யூ' 1957 இல் தென்னக வெள்ளையரின் மேலாதிக்கத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதிற்று. நடுவணரசின் தலையீடு தேவையாயிருந்தது என்பதைப் பக்லி தம் முதுமையில் ஒப்புக்கொண்டார். 1965 இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னர் தென்னக வெள்ளையர் படிப்படியாகக் குடியரசுக் கட்சியை நோக்கி நகர்ந்தனர். 1968 இல் வென்ற நிக்சன் அவர்தம் மனக்குறைகளை அறிந்து அரசியல் நடத்தினார். பொருளாதாரத்திலோ அவர் சந்தைவாதி அல்லர். 1971 இல் ஊதியத்திற்கும் விலைக்கும் கட்டுப்பாடு விதித்தவர் அவரே.

6. எழுபதுகளின் நெருக்கடி

1973 இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது விலைவாசி கடுமையாக ஏறிற்று. அதே சமயம் வேலையின்மையும் பெருகிற்று. அரசு செலவை மிகுத்தால் வேலையின்மை குறையும், அதற்கு விலையாக ஓரளவு பணவீக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே அந்நாளைய பொருளியலார் பலர் கருதிவந்தனர். இரண்டும் ஒருங்கே உயர்ந்ததற்கு அவர்களிடம் எளிய விடை இல்லை. புழக்கத்திலுள்ள பணத்தின் அளவு பொருளுற்பத்தியை விஞ்சி வளர்வதே பணவீக்கத்திற்குக் காரணம் என்று நெடுநாளாகக் கூறிவந்த ஃபிரீட்மனின் சொல் இப்போது செவியேறிற்று. ஹாயெக் 1974 இலும் ஃபிரீட்மன் 1976 இலும் நோபல் பரிசு பெற்றனர்.

கருத்துகளுக்கு நிறுவன வலிமையும் கிடைத்தது. தொழில் நிறுவனங்கள் ஒன்றுபட்டுத் தங்கள் தரப்பைப் பல்கலைக்கழகங்களிலும் இதழ்களிலும் நீதிமன்றங்களிலும் எடுத்துரைக்க வேண்டும் என வழக்கறிஞர் லூயிஸ் பவல் 1971 இல் வணிகப் பேரவைக்குக் குறிப்பு எழுதினார். பின்னர் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1973 இல் ஹெரிட்டேஜ் அறக்கட்டளையும் 1977 இல் கேட்டோ நிறுவனமும் அமைந்தன. சட்டமன்ற உறுப்பினர் எளிதிற் படிக்கத்தக்க சுருக்கமான கொள்கை அறிக்கைகளை உரிய நேரத்தில் அவர்கள் கையில் சேர்ப்பது ஹெரிட்டேஜின் தனித்திறமையாயிற்று.

சாதாரண மக்களின் சினமும் இதனோடு சேர்ந்தது. கலிபோர்னியாவில் வீடுகளின் விலை ஏறியபோது சொத்துவரியும் கூடவே ஏறிற்று. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர் தம் சொந்த வீட்டை இழக்க நேருமோ என அஞ்சினர். 1978 ஜூன் மாதத்தில் ஹோவார்ட் ஜார்விஸ் முன்னின்று கொணர்ந்த 13 ஆம் முன்மொழிவை வாக்காளருள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்றனர். சொத்துவரி மதிப்பில் ஒரு விழுக்காட்டிற்குமேல் போகலாகாது என அது வரையறுத்தது. வரி எதிர்ப்பு என்பது செல்வரின் குரல் மட்டுமன்று, நடுத்தரக் குடும்பத்தின் குரலும் ஆகும் என்பதை அத்தேர்தல் உணர்த்தியது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன் சுதந்திரக் கழகத்தார் தேடியும் பெறாத மக்கள் ஆதரவு இவ்வாறு வந்து சேர்ந்தது.

7. சபைகளின் வருகை

நற்செய்திவாதச் சபைகள் தொடக்கத்திலிருந்தே இவ்வணியில் இருந்தன எனக் கருதுவது தவறு. 1942 இல் தேசிய நற்செய்திவாதிகள் சங்கம் அமைந்தது. 1947 இல் கார்ல் ஹென்றி எழுதிய சிறுநூல், அடிப்படைவாதச் சபைகள் சமுதாயத் தீமைகளைக் கண்டும் வாளாவிருப்பதைக் கண்டித்தது. 1956 இல் பில்லி கிரஹாம் முதலியோர் முயற்சியால் தொடங்கிய 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழுக்கு ஹென்றியே முதல் ஆசிரியர். அவ்விதழ் பெருந்தொகையான போதகருக்கு இலவசமாகச் செல்லப் பொருளுதவி செய்தவர் நாம் முன்னர்க் கண்ட பியூ.

வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் பாப்டிஸ்டு போதகராயிருந்த ஜெரி ஃபால்வெல், 1965 மார்ச்சில், செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங் வாக்குரிமைக்காகப் பேரணி நடத்திய காலத்தில், ஒரு பிரசங்கம் செய்தார். ஆத்தும ஆதாயமே போதகரின் அழைப்பு, அரசியல் அவர் பணியன்று என்பது அதன் சாரம். 1979 இல் அதே ஃபால்வெல் 'தார்மிகப் பெரும்பான்மை' எனப் பொருள்படும் அரசியல் அமைப்பைத் தொடங்கினார். பதினான்கு ஆண்டுகளில் இம்மாற்றம் எதனால் வந்தது?

1973 இல் கருக்கலைப்பை அனுமதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படும். இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் முதலில் எதிர்ப்பைத் திரட்டியவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். 1971 இல் தென்னகப் பாப்டிஸ்டு பேரவை, வன்புணர்ச்சி, கருவின் கடுங்குறைபாடு, தாயின் உடல்நலம் அல்லது மனநலத்திற்குக் கேடு முதலிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 1980 இல்தான் அப்பேரவை தாயின் உயிரைக் காக்கும் நிலை தவிர ஏனையவற்றைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கோரிற்று. ரீகனும் 1967 இல் கலிபோர்னிய ஆளுநராயிருந்தபோது கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையொப்பமிட்டவரே.

மற்றொரு காரணம் பள்ளிகளைப் பற்றியது. பொதுப் பள்ளிகளில் அரசு வகுத்த செபத்தையும் பக்திமுறை வேதவாசிப்பையும் 1962, 1963 ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் விலக்கின. இன ஒதுக்கல் நீக்கப்பட்டபின் தென்னகத்தில் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் பெருகின. இனப்பாகுபாடு காட்டும் கல்வி நிறுவனங்களுக்கு வரிவிலக்கு இல்லை என அரசு முடிவு செய்தது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976 இல் வரிவிலக்கை இழந்தது. 1978 இல் வருமானவரித் துறை தனியார் பள்ளிகளுக்குப் புதிய விதிகளை முன்மொழிந்தபோது எதிர்ப்புக் கடிதங்கள் வெள்ளமெனக் குவிந்தன. அரசு சபையின் வாயிலுக்குள் நுழைகிறது என்ற அச்சம் பரவிற்று. போதகரை அரசியலுக்கு அழைத்துவர முயன்ற பால் வைரிக், அவர்களை அசைத்தது இப்பிரச்சினையே எனப் பின்னாளில் கூறினார். ஒவ்வொரு காரணத்திற்கும் எவ்வளவு எடை தருவது என்பதில் வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பெண்களின் சமவுரிமைத் திருத்தத்தை எதிர்த்து ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி 1972 முதல் நடத்திய போராட்டமும் கத்தோலிக்க, பாப்டிஸ்டு, மார்மன் பெண்களை ஓரணியில் சேர்த்தது.

1976 இல் வென்ற ஜிம்மி கார்ட்டர் தென்னகப் பாப்டிஸ்டு சபையினர். ஓய்வுநாட் பள்ளியில் கற்பித்தவர். நற்செய்திவாதிகள் பலர் அவருக்கு வாக்களித்திருந்தனர். நான்கு ஆண்டுகளில் அவர்களுள் பெரும்பாலோர், மணவிலக்குப் பெற்றவரும் முன்னாள் திரைப்பட நடிகருமான ரீகனின் பக்கம் சாய்ந்தனர். 1980 ஆகஸ்டில் டல்லாஸ் நகரில் ஆயிரக்கணக்கான போதகர் கூடிய மாநாட்டில் ரீகன் பேசினார். நீங்கள் என்னை ஆதரித்துத் தீர்மானம் செய்ய இயலாது. நானோ உங்களை ஆதரிக்கிறேன் என்ற கருத்துப்பட அவர் கூறியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது.

8. ரீகன் ஆட்சியின் பொருளாதாரம்

வரிவிகிதத்தைக் குறைத்தால் மக்கள் மிகுதியாக உழைப்பர், முதலிடுவர், உற்பத்தி பெருகும், அதனால் அரசின் வருவாயும் பெரிதும் குறையாது என்பது ஆர்தர் லாஃபர் முதலியோரின் வாதம். ஜார்ஜ் புஷ் 1980 இல் ரீகனோடு போட்டியிட்டபோது இதனை மாயவித்தைப் பொருளியல் என்று எள்ளினார். பின்னர் அவரே ரீகனின் துணைத்தலைவரானார். 1981 ஆம் ஆண்டுச் சட்டம் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 இலிருந்து 50 விழுக்காடாகக் குறைத்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 28 ஆக்கிற்று.

பணவீக்கத்தை அடக்கியவர், கார்ட்டரால் 1979 இல் நடுவண் வங்கித் தலைவராக நியமிக்கப்பட்ட பால் வோல்கர். பணப்புழக்கத்தை அவர் இறுக்கியபோது வட்டிவிகிதம் 20 விழுக்காட்டைத் தொட்டது. 1980 இல் 13.5 விழுக்காடாயிருந்த பணவீக்கம் 1983 இல் 3.2 ஆகத் தணிந்தது. அதற்கு மக்கள் தந்த விலை 1982 இறுதியில் 10.8 விழுக்காடாக ஏறிய வேலையின்மை. பின்னர்ப் பொருளாதாரம் மீண்டு வளர்ந்தது; 1984 இல் ரீகன் 49 மாநிலங்களில் வென்றார்.

1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த வான்வழிக் கட்டுப்பாட்டு ஊழியர் 11,000 பேருக்கு மேற்பட்டோரை ரீகன் பணிநீக்கினார். முந்திய ஆண்டுத் தேர்தலில் அவரை ஆதரித்த தொழிற்சங்கம் அது! தனியார் முதலாளிகளும் அவ்வழியைப் பின்பற்றினர். சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 1981 முதல் 1990 வரை மணிக்கு 3.35 டாலராகவே நின்றது. வறுமைக் கோட்டிற்குக் கீழ் வாழ்ந்தோர் 1980 இல் 13 விழுக்காடு. 1983 இல் 15.2, 1989 இல் 12.8. வரிகுறைப்பும் படைச்செலவும் ஒருங்கே நிகழ்ந்ததால், 1981 இல் ஓர் இலட்சம் கோடி டாலர் அளவிலிருந்த நடுவணரசின் கடன் 1989 இல் இரண்டரை இலட்சம் கோடியைத் தாண்டிற்று. பற்றாக்குறையைக் கண்ட ரீகன் 1982 இல் சில வரிகளை உயர்த்தியதும், 1983 இல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை ஒழிக்காது சீரமைத்ததும் குறிப்பிடத்தக்கவை. நியூ டீல் முற்றிலும் அழியவில்லை.

9. எழுந்த இறையியல் விவாதம்

இக்காலத்தில் கிறிஸ்தவர் அனைவரும் ஒரே குரலில் பேசவில்லை. 1973 இல் சிக்காகோ நகரில் கூடிய நற்செய்திவாதிகள், இனவெறி, பொருளாதார அநீதி ஆகியவற்றில் தம் சபைகளின் பங்கை அறிக்கையிட்டு மனந்திரும்ப அழைத்தனர். அவர்களுள் ஒருவரான ரொனால்ட் சைடர் 1977 இல் உலகப் பசியையும் செல்வக் கிறிஸ்தவரின் கடமையையும் பற்றி எழுதிய நூல் பெரிதும் படிக்கப்பட்டது. அதனை மறுத்துச் சந்தைச் சார்பான நூல்களும் வந்தன.

கத்தோலிக்கரான மைக்கேல் நோவாக் 1982 இல் மக்களாட்சி முதலாளியத்திற்கு இறையியல் விளக்கம் தந்தார். பாவமுள்ள மனிதர் கையில் அதிகாரம் குவியாமல், அரசு, சந்தை, பண்பாடு என்று அது பிரிந்து நிற்பதே நலம் என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. 1986 இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் வெளியிட்ட மேய்ப்புப்பணி மடலோ, ஒரு பொருளாதாரம் ஏழைகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதையே அதன் அளவுகோலாகக் கொண்டது. இரு தரப்பினரும் மனிதனின் பாவத்தைப் பற்றிப் பேசினர். ஒரு தரப்பு அரசில் குவியும் அதிகாரத்திலும், மறு தரப்பு செல்வத்தில் குவியும் அதிகாரத்திலும் அப்பாவத்தைக் கண்டது. கறுப்பினச் சபைகள் அதே திருமறையைப் படித்து, அதே பாடல்களைப் பாடி, அடிமைத்தனத்தின் நினைவிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்திருந்தன. நடுவணரசின் சட்டமே தங்களுக்கு வாக்குச்சீட்டைப் பெற்றுத் தந்தது என்பதை அவை மறக்கவில்லை.

10. பிற்கால மாற்றங்கள்

1989 இல் தார்மிகப் பெரும்பான்மை கலைந்தது. அதே ஆண்டு பாட் ராபர்ட்சனின் கிறிஸ்தவக் கூட்டணி தோன்றியது. 1991 இல் சோவியத் ஒன்றியம் மறைந்தபோது மூன்று நீரோடைகளையும் இணைத்த பொது எதிரியும் மறைந்தான். 1994 இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் குடியரசுக் கட்சி மக்கள் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பெற்றது. 1935 இல் தொடங்கிய ஏழைக் குடும்பங்களுக்கான உதவித் திட்டத்தை 1996 இல் மாற்றியமைத்த சட்டத்தில் கையொப்பமிட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்ட்டன். எதிர்க்கட்சியும் தன் மொழியைப் பேசச் செய்ததே பழமைவாதத்தின் பெருவெற்றி எனலாம்.

2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி சந்தையின்மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தது. 2016 இல் வென்ற டோனால்ட் டிரம்ப் வரிகுறைப்பைத் தொடர்ந்தார். ஆனால் 2018 முதல் இறக்குமதிகள்மீது சுங்கவரி விதித்துத் தடையற்ற வணிகக் கொள்கையைக் கைவிட்டார். ஹாயெக்கும் ஃபிரீட்மனும் இதனை ஏற்றிரார். எனினும் 2016 தேர்தலில் வெள்ளை நற்செய்திவாதிகளுள் ஐவரில் நால்வர் அவருக்கு வாக்களித்தனர். அவர் நியமித்த நீதிபதிகளும் இடம்பெற்ற உச்ச நீதிமன்றம் 2022 இல் கருக்கலைப்புத் தீர்ப்பை மாற்றிற்று. 2024 இல் அவர் மீண்டும் வென்றார். பொருளாதாரக் கோட்பாடு மாறியபின்னும் கூட்டணி நிலைத்திருப்பதைக் காண்கையில், அதனைக் கட்டிய பிணைப்பு கோட்பாடு மட்டுமன்று என்பது தெளிவாகிறது.

11. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து திருச்சபை கருதத்தக்கவை மூன்று.

முதலாவது, கருத்துகளின் வலிமை. 1944 இல் எழுதப்பட்ட நூலின் பயன் 1981 இல் சட்டமாயிற்று. தோல்வியைக் கண்டு சோராது, இதழ்களையும் மன்றங்களையும் கட்டியெழுப்பிய பொறுமையை எதிரணியினரும் கற்கலாம்.

இரண்டாவது, மக்களின் உண்மையான அச்சங்கள். விலைவாசியால் நலிந்த குடும்பம், வரியால் வீட்டை இழக்க அஞ்சிய முதியோர், தம் பிள்ளைகளின் வளர்ப்பில் தமக்கு உரிமையில்லையோ எனக் கலங்கிய பெற்றோர் ஆகியோரை முற்போக்காளரும் பெருஞ்சபைகளின் தலைவரும் போதிய அளவு செவிமடுக்கவில்லை. செவிமடுத்தவர் பின்னே அவர்கள் சென்றனர். அறியாமையால் சென்றனர் என்று எள்ளுவது வரலாறு ஆகாது, ஊழியமும் ஆகாது.

மூன்றாவது, நாம் தொடக்கத்தில் கூறியது. எட்டாம் கட்டளையை வரிக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று 1935 இல் ஒருவர் கூறியதற்கு முன்னர், அதே நாட்டின் சபைகள் வாழ்வூதியத்தைக் கோரி ஒரு பிரமாணத்தையே எழுதியிருந்தன. எனவே சந்தையோடு சபை செய்துகொண்ட உடன்படிக்கை ஒரு வரலாற்று நிகழ்ச்சியேயன்றி, விசுவாசத்தின் பகுதி அன்று. மனிதர் உருவாக்கியதை மனிதர் ஆராயலாம், மாற்றவும் செய்யலாம். அமெரிக்காவில் அச்சான விளக்கவுரைகளும் ஒலிபரப்பான பிரசங்கங்களும் நம் போதகரின் மேசைக்கும் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் நற்செய்தி எது, ஒரு நாட்டின் அரசியல் எது எனப் பகுத்தறியும் பொறுப்பு நமக்குண்டு. அவ்வாறு பகுக்கும்போது, நம் சபைகளின் பிரசங்கத்தில் யாருடைய நலன் நற்செய்தியின் குரலில் பேசுகிறது என்ற கேள்வியையும் நம்மிடமே கேட்டுக்கொள்வது தகும்.